கைகாட்டி மரம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். வாலிபர் ஐக்கியத்தில் எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம் படித்திருக்கிறீர்கள், கைத்தவறாய் ஒருவனைக் கொன்றவன் ஓடிப்போய்ப் பிழைக்க ஒதுக்கிய அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய பகுதி. பாதியில் ஒருவர் எழுந்து, "கொன்றவனுக்கு ஊர் ஒதுக்கிக் கொடுத்தால் செத்தவனுக்கு நியாயம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அடுத்தவர், "ஓடிவருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள் என்றால் அப்புறம் சட்டம் எதற்கு?" என்று மடக்கியிருக்கிறார். இரக்கம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஜெபம் பண்ணி முடித்துவிட்டீர்கள். நல்ல சண்டைதான். ஜெபத்தோடு முடிந்தது இன்னும் நல்லது.

நான் 25 வருஷமாக வேதபாடம் எடுக்கிறவன். இந்த அதிகாரத்தை நானும் வெகுகாலம் இரக்கத்தின் கணக்கில்தான் சேர்த்துப் பேசிவந்தேன். திரும்பத் திரும்ப வாசித்தபோதுதான் கவனித்தேன், அதில் இரக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முழக் கணக்கு இருக்கிறது, ஊர்க் கணக்கு இருக்கிறது, சாட்சிக் கணக்கு இருக்கிறது. விசாரணை நடக்கிற நாள்வரைக்கும் ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குப் போய்ச்சேர வழி வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. அடைக்கலம் நியாயத்தின் முதல் படி. அப்படி வாசித்தால் உங்கள் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே திண்ணையில் உட்காரலாம்.

உபாகமம் 19-ஆம் அதிகாரம் இதற்கு ஒரு கோடாலியை உதாரணமாக வைக்கிறது. இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் ஓங்கும்போது காம்பிலிருந்து இரும்பு கழன்று பறந்து மற்றவன்மேல் விழுகிறது. அவன் செத்துப்போகிறான். போலீஸ் இல்லாத காலம். செத்தவனுடைய நெருங்கிய உறவுக்காரனுக்குப் பழிவாங்கும் உரிமையும் கடமையும் உண்டு. அவன் அரிவாளோடு கிளம்பிவிட்டால் 'இது விபத்து' என்று சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்காது. தென்மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழிக்குப் பழி என்று போகும் கொலை வரிசையில் முதல் கொலையின் உண்மைக் காரணம் மூன்றாவது ஆள் விழும்போது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மோசேயின் சட்டம் அந்தக் கொதிப்பைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது. பழிவாங்குகிறவன் மனம் கொதித்துத் துரத்துவான், வழி தூரமாக இருந்தால் பிடித்துவிடுவான் என்று தூரத்தைப் பற்றியே கவலைப்படுகிறது.

அதனால்தான் ஒன்றல்ல, ஆறு ஊர்கள். லேவியருக்குக் கொடுத்த 48 பட்டணங்களில் ஆறு. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன். கிழக்கே பேசேர், கீலேயாத்தின் ராமோத், பாசானின் கோலான். வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஆற்றின் இரு கரையிலும் வடக்கு, நடு, தெற்கு என்று இடம்விட்டு அமைந்திருக்கும். தேசத்தை மூன்றாகப் பிரித்து வழியைச் சரிப்படுத்து என்று சட்டம் சொல்கிறது. நாடு விரிந்தால் இன்னும் மூன்று ஊர் சேர்த்துக்கொள் என்றும் சொல்கிறது. இஸ்ரவேலனுக்கு மட்டும் அல்ல, அவர்கள் நடுவே இருக்கிற பரதேசிக்கும் அந்நியனுக்கும் இந்த ஊர்கள் பொது (எண்ணாகமம் 35:15).

இந்த ஒரு வரியை, 'வழியைச் சரிப்படுத்து' என்பதை, பிற்கால யூத ரபீக்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். தால்மூதில் வருகிறது: அடைக்கலப் பட்டணத்துக்குப் போகும் பாதை 32 முழ அகலம் இருக்க வேண்டும். வழி பிரிகிற சந்துகளில் எல்லாம் 'மிக்லாத்' என்று எழுதிவைக்க வேண்டும். எபிரேயத்தில் அடைக்கலம் என்று அர்த்தம். ஓடுகிறவன் மூச்சிரைத்து வருவான், நின்று வழிகேட்க அவனுக்கு நேரம் இருக்காது, கேட்டாலும் யார் என்ன நினைப்பார்களோ. நம் ஊர்க் கைகாட்டி மரம்தான் அது. அந்த ஊருக்கு அவன் போகும்போது வேதம் படித்தவர்கள் இரண்டுபேர் கூடவே நடக்க வேண்டும். பழிவாங்குகிறவன் வழியில் குறுக்கே வந்தால் அவனிடம் பேசி நிறுத்துவது அவர்கள் வேலை. மாணவன் ஒருவன் அங்கே போய் அடைபட்டால் அவனுடைய ஆசிரியரும் அங்கே குடிபோக வேண்டும் என்றுகூட ஒரு விதி. பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் உயிரோடு இருந்து என்ன என்பது அவர்கள் கணக்கு.

அங்கே போனபின் என்ன நடக்கும்? யோசுவா 20:4-ஐப் பாருங்கள். ஓடிவந்தவன் ஊர் வாசலில் நிற்க வேண்டும். மூப்பர்கள் காதுகேட்கத் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கேட்பது, பிறகு சேர்ப்பது, பிறகு இடம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. சபை கூடி விசாரிக்கும். முன்பகை இருந்ததா, பதுங்கியிருந்து தாக்கினானா, கையில் என்ன இருந்தது, இரும்பா கல்லா மரமா என்றெல்லாம் கேட்கும். ஒரே ஒரு சாட்சியை வைத்து ஒருவனுக்கும் மரணதண்டனை கிடையாது. திட்டமிட்ட கொலை என்று தெரிந்தால் அவனுடைய ஊர் மூப்பர்களே ஆள் அனுப்பி அடைக்கலப் பட்டணத்திலிருந்து அவனை இழுத்துவந்து ஒப்புக்கொடுக்க வேண்டும்.

'செத்தவனுக்கு நியாயம் எங்கே' என்று கேட்ட அந்தத் தம்பிக்கு எண்ணாகமம் 35-இன் 31, 32-ஆம் வசனங்களை வாசித்துக் காட்டுங்கள். கொலைகாரனிடம் மீட்கும் பணம் வாங்கக் கூடாது. தவறுதலாகக் கொன்று ஓடிவந்தவனிடமும் 'சீக்கிரம் வீட்டுக்குப் போ' என்று பணம் வாங்கி விடக் கூடாது. அன்றைய உலகத்தில் செத்தவனுக்கு விலை பேசி முடிப்பது சாதாரணம். இங்கே பணக்காரனுக்கும் அதே ஊர், அதே காத்திருப்பு. தவறுதலாக நடந்தது என்று தீர்ப்பானாலும் அவன் உடனே வீட்டுக்குப் போக முடியாது. பிரதான ஆசாரியன் சாகும்வரை எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். தாண்டினால் அவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. கவனக்குறைவுக்கும் விலை உண்டு, அந்த விலை உயிர் இல்லை. பிரதான ஆசாரியனுடைய மரணத்தைக் கிறிஸ்துவின் நிழல் என்று பிரசங்கம் பண்ணுவது வழக்கம், நானும் பண்ணியிருக்கிறேன். அதற்கு முன்னால் அதன் நடைமுறை லாபத்தைக் கவனியுங்கள். லஞ்சம் கொடுத்தாலும் அந்த நாளை யாரும் முன்னுக்குத் தள்ள முடியாது.

தள்ள ஒரு வழி இருக்கிறது, ஜெபம். அங்கே அடைபட்டவர்கள் எல்லாரும் 'ஆண்டவரே, பெரிய ஆசாரியனைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்' என்று வேண்டிக்கொண்டால்? ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதையும் யோசித்திருக்கிறது. அதனால் பிரதான ஆசாரியர்களின் தாய்மார் அவர்களுக்குச் சாப்பாடும் துணியும் அனுப்பிக்கொண்டே இருப்பார்களாம், தங்கள் பிள்ளை சாகும்படி அவர்கள் ஜெபிக்காதிருக்க. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தியாகமோ பெருந்தன்மையோ இல்லை, ஒரு தாயின் பயம். ஆனாலும் சாப்பாடு போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு நேர்த்தியாகச் சட்டம் எழுதிய ஜனங்கள் அதைக் காப்பாற்றினார்களா என்றால், 2 சாமுவேல் 2, 3-ஆம் அதிகாரங்களை வாசியுங்கள். தாவீதின் படைத்தலைவன் யோவாபின் தம்பி ஆசகேல், சண்டையில் எதிர்ப்படைத் தலைவன் அப்னேரைத் துரத்திக்கொண்டே போனான். 'விலகிப் போ' என்று அப்னேர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அவன் கேட்கவில்லை. ஈட்டியின் பின்பக்கத்தால் அப்னேர் குத்தினான், பையன் செத்தான். பிறகு அப்னேர் தாவீதோடு சமாதானம் பேச வந்தான், விருந்து சாப்பிட்டான், சமாதானமாகவே அனுப்பப்பட்டான். யோவாப் ஆள்விட்டு அவனைத் திரும்ப வரவழைத்தான். ரகசியம் பேசுகிறவன்போல ஊர் வாசலின் நடுவே தனியாக ஒதுக்கிக் கொண்டுபோய் வயிற்றில் குத்தினான். எந்த ஊர் வாசல் தெரியுமா? எபிரோன். ஆறு அடைக்கலப் பட்டணங்களில் ஒன்று. அப்னேர் அங்கே அடைக்கலம் தேடி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் தப்பி வருகிறவனுடைய வழக்கை மூப்பர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய அதே வாசலில், ஒரு வார்த்தை விசாரணை இல்லாமல், பழி முடிந்துவிட்டது. தாவீது பாடைக்குப் பின்னால் நடந்துபோய் அழுதான். யோவாபை ஒன்றும் செய்யவில்லை. ராஜாக்களுக்கு அப்படி அழ வரும்.

கதை அங்கே நிற்கவில்லை. வருஷங்கள் கழித்து அதே யோவாப், சாலொமோனுக்குப் பயந்து ஓடிப்போய்ப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டான். 'வெளியே வா' என்றதற்கு, 'மாட்டேன், இங்கேயே சாவேன்' என்றான். அங்கேயே கொல்லப்பட்டான். சாலொமோனுக்கு அரசியல் கணக்கும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவனுக்குக் கையில் ஒரு சட்டமும் இருந்தது: சதியாகக் கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போ என்று யாத்திராகமம் 21:14. பரிசுத்த ஸ்தலம் குற்றவாளிக்கு மறைவிடம் இல்லை. இந்த வசனத்தை நம் சபைகள் அதிகம் வாசிப்பதில்லை. தப்பு செய்தவர் ஊழியக்காரராக இருந்தால், 'அபிஷேகம் பண்ணப்பட்டவர், அவர்மேல் கைபோடாதே' என்று நாமே பலிபீடத்துக் கொம்பை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றி. 'பழிவாங்குகிறவன்' என்று நம் தமிழ் வேதாகமத்தில் வருகிற இடத்தில் எபிரேயத்தில் 'கோயேல்' என்ற சொல் இருக்கிறது. ரூத்தின் புஸ்தகத்தில் போவாசைச் 'சுதந்தரவாளி' என்கிறோமே, அதுவும் கோயேல்தான். 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று யோபு சொல்கிறானே, அங்கேயும் கோயேல். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, தமிழில் இந்த மூன்றையும் அடக்க ஒரு சொல் இல்லை. ஆனால் மூலத்தில் அது ஒரே உறவுக்காரன். அரிவாள் எடுத்துத் துரத்துகிறவனும் அவன்தான். அடகுபோன நிலத்தைத் திருப்பி, விதவைக்குக் குடும்பம் கொடுக்கிறவனும் அவன்தான். உறவுக்கு இருக்கிற பலத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி.

ரூத் விஷயத்துக்கு வருவோம். தமிழில் இன்றைக்கு இரண்டு வசவுகள்: ஒன்று பரதேசி, இன்னொன்று பொறுக்கி. டீக்கடையில் ஒருவனைப் பார்த்து இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் சண்டை வரும். ரூத் இரண்டுமாக இருந்தவள். மோவாப் தேசத்துப் பரதேசி. அறுப்பு நடக்கிற வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். பழைய தமிழில் பரதேசி என்றால் வேறு தேசத்தான், அவ்வளவுதான். லேவியராகமம் 19:34 பரதேசியைச் சுதேசியைப்போல எண்ணச் சொல்கிறது. அந்தச் சொல் எப்போது திட்டாக மாறியது என்று யோசித்துப் பாருங்கள், நம்மைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்பது சட்டம். வயல்காரன் போவாஸ் அந்தச் சட்டத்துக்கு மேலே போகிறான். அரிக்கட்டுகளின் நடுவிலும் அவள் பொறுக்கட்டும், வேண்டுமென்றே சில அரிகளைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள், தொடாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறான். 'தொடாதீர்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால் அறுப்புக்களத்தில் தனியாக வருகிற அந்நியப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அவள் பொறுக்கினதைத் தட்டி அடித்து அளந்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. அவள் கையில் பிச்சை விழவில்லை. குனிந்து பொறுக்கி, அடித்து, தூற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

போவாஸ் அவளிடம், 'கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்தவள் நீ, அவர் பலன் தருவார்' என்று நல்ல வார்த்தை சொல்கிறான். அடுத்த அதிகாரத்தில் இரவில் களத்துக்கு வந்து ரூத் கேட்கிறாள்: 'உம்முடைய போர்வையை என்மேல் விரியும், நீர் சுதந்தரவாளி.' செட்டை, போர்வை என்று தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எபிரேயத்தில் இரண்டுக்கும் அடியில் இருப்பது 'கானாஃப்' என்ற ஒரே சொல். கர்த்தர் சிறகை விரிப்பார் என்றீரே ஐயா, உம்முடையதை விரியும். ஜெபத்தை ஜெபித்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது, அதை உங்கள் கூட்டத்தில் மறைக்க வேண்டாம். உபாகமம் 23-ஆம் அதிகாரம் மோவாபியன் பத்தாம் தலைமுறைவரை கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. ரூத் மோவாபியப் பெண், தாவீதின் பாட்டனுக்குத் தாய். வேதம் எல்லா இடத்திலும் ஒரே குரலில் பேசுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். வேதத்துக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடக்கிறது.

அதே 23-ஆம் அதிகாரத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான வசனமும் இருக்கிறது, 15-உம் 16-உம். எஜமானுக்குத் தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திரும்ப எஜமான் கையில் ஒப்புக்கொடுக்காதே, உன் ஊர்களில் அவனுக்குப் பிடித்த இடத்தில் இருக்கட்டும், அவனை ஒடுக்காதே. இது எவ்வளவு முரட்டுத்தனமான சட்டம் என்று தெரிய, பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். பாபிலோனின் அம்முராபி சட்டத்தில், தப்பிய அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தால் வீட்டுக்காரனுக்கு மரணதண்டனை. பிடித்துக்கொடுத்தால் இரண்டு சேக்கல் வெள்ளி பரிசு. அதற்கு மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் பிறகு 1850-இல் அமெரிக்கா போட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டத்திலும் அதே புத்திதான்: உதவினவனுக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம்வரை ஜெயில். வேதாகமம் மேஜைமேல் இருந்த தேசம் அது. எதிர்த்தவர்கள் உபாகமம் 23-ஐ எடுத்துக் காட்டினார்கள், ஆதரித்தவர்கள் பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள்.

பிலேமோனைப் பற்றி உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பவுல் ஒநேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பினாரே? அனுப்பினார். என்ன சொல்லி அனுப்பினார் என்பதையும் வாசியுங்கள். இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக. என்னை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொள். அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது, இதோ என் கைப்பட எழுதித் தருகிறேன். ஜெயிலிலிருந்து ஜாமீன் கையெழுத்து. எஜமான் ஒருவனை அவன் வீட்டில் கூடுகிற சபைக்கு முன்பாகவே நெருக்குகிற கடிதம் அது. ஆனாலும் 'அடிமைமுறை தப்பு' என்று ஒரு வரி பவுல் எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. எழுதவில்லை.

'எல்லாரையும் சேர்த்தால் சட்டம் எதற்கு' என்றவருக்கு: சேர்ப்பதுதான் இங்கே சட்டம். 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் 33-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. அதே உடன்படிக்கை, போர்க்குற்றம் போன்ற கொடுங்குற்றம் செய்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. உபாகமம் 23-உம் 19-உம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் 1996-இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாகக் குடியேறியிருந்த சக்மா மக்களை மாணவர் அமைப்பு ஒன்று வெளியேறச் சொல்லி மிரட்டியபோது, உயிருரிமை குடிமகனுக்கு மட்டும் இல்லை, எல்லா மனிதருக்கும் உண்டு, அவர்களுடைய குடியுரிமை மனு முடிவாகும்வரை அரசு காவல் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசலில் வந்து நிற்கிறவனை விசாரணை முடியும்வரை காப்பாற்று. யோசுவா 20 இதைத்தான் சொல்கிறது.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் 1983-க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் முகாம்களை 2021-இல் அகதிகள் முகாம் என்பதிலிருந்து மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. பெயர் மாற்றினால் போதுமா என்று கேட்கலாம், போதாதுதான். ஆனால் கதி அற்றவர் என்று பிள்ளையை நாள்தோறும் கூப்பிடுவது லேசான காரியம் இல்லை.

ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு வேதாகமம் திரும்பத் திரும்பக் கொடுக்கிற காரணம் ஒன்றுதான்: நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே, அந்நியனுடைய இருதயம் உங்களுக்குத் தெரியுமே. இது வெறும் பேச்சில்லை என்பதற்குப் பிரான்சில் ஒரு ஊர் இருக்கிறது, லெ ஷாம்போன் சுர் லின்யோன். மலைமேல் இருக்கும் புராட்டஸ்டன்ட் ஊர். 1685-இல் ராஜா அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தபின் அவர்களுடைய முன்னோர் காட்டில் ஒளிந்து ஆராதனை நடத்தியவர்கள். இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் வந்து கதவைத் தட்டியபோது அவர்களுக்கு அந்த ஞாபகம் இருந்தது. போதகர் அந்த்ரே த்ரோக்மே, உடன் போதகர் எட்வார் தெய்ஸ், இவர்களோடு ஊரும் சுற்று வட்டாரமும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் வைத்துக் காப்பாற்றியது. 1942 கோடையில் போலீஸ் பேருந்துகளோடு வந்து யூதர்களின் பட்டியல் கேட்டது, த்ரோக்மே கொடுக்கவில்லை. 1943 பிப்ரவரியில் அவரைக் கைது செய்து சில வாரம் முகாமில் அடைத்தார்கள். அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே, தான் பொறுப்பில் இருந்த விடுதி மாணவர்களோடு பிடிபட்டு 1944-இல் மைதானெக் முகாமில் செத்தார். அங்கே நடந்த அன்றாட வேலை பிரசங்கம் இல்லை. போலி அடையாள அட்டை தயாரிப்பது, ரேஷன் அட்டைக்கு வழிபண்ணுவது, இன்றைக்கு யார் வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பது.

ஏசாயா 16-இல், ஓடிவருகிற மோவாபியருக்காக ஒரு வரி உண்டு: மத்தியானத்திலே உன் நிழலை இரவைப்போலாக்கித் துரத்தப்பட்டவர்களை மறைத்துக்கொள். பட்டப்பகலில் ஒரு ராத்திரி அளவுக்கு நிழல். அந்த ஊர் அப்படி இருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ஒபதியா புஸ்தகம். எருசலேம் அழிந்த நாளில் ஏதோமியர் செய்த குற்றமாக அவர் சொல்வது: தப்பி ஓடுகிறவர்களை வெட்டுவதற்கு வழிச்சந்துகளில் நின்றாய். அதே வழிச்சந்து. அடைக்கலம் என்று பலகை வைக்கச் சொன்னார்களே, அந்த இடம்.

உபாகமம் 21 ஒன்று பாக்கி. வயல்வெளியில் பிணம் கிடக்கிறது, யார் கொன்றது தெரியாது. சட்டம் என்ன செய்கிறது? மூப்பர்கள் வந்து பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு கிடாரியைக் கொண்டுவந்து பள்ளத்தாக்கில் அதன் தலையை வெட்டி, அதன்மேல் கைகழுவி, 'எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை' என்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கொன்றிருப்பார்கள் என்று யார் சந்தேகப்பட்டது என்று மிஷ்னா கேட்கிறது. அதுவே பதிலும் சொல்கிறது: அவன் எங்களிடம் வந்து, நாங்கள் சாப்பாடு இல்லாமல் அனுப்பவில்லை, அவனைப் பார்த்தும் துணை இல்லாமல் விடவில்லை. அதைச் சொல்ல முடிந்தால்தான் கை சுத்தம். நம் தமிழிலும் அடைக்கலம் என்பது நம்மை நம்பி ஒப்படைத்ததற்கும் பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுத்தார். மதுரையில் நடந்ததில் மாதரியின் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் நடுராத்திரியில் தீயில் விழுந்தாள்.

என் கை சுத்தம் என்று நான் சொல்ல முடியாத ஒரு நாள் உண்டு. 15 வருஷத்துக்கு முன்னால், நான் சபைக் கமிட்டியில் இருந்தபோது. கமிட்டிக் கூட்டம் நடக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து வெஸ்ட்ரி, அதாவது சபை அலுவலக அறை, வாசலில் நின்றாள். கையில் ஒரு வயர் கூடை, அதில் பிள்ளையின் பள்ளிக்கூட யூனிபார்ம் மேலாகத் தெரிந்தது. புருஷன் அடித்திருக்கிறான், காதோரம் வீங்கியிருந்தது. நாங்கள் ஏழுபேர் உள்ளே உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் குடும்பஸ்தர்கள். அவளுடைய புருஷனும் சபையில் காணிக்கை எண்ணுகிற ஆள்தான். 'பொறுத்துப் போம்மா, நாங்க அவர்ட்ட பேசுறோம்' என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஜெபம் பண்ணி அனுப்பினோம். யோசுவா 20:4-இல் இருக்கிற மூன்றில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை: முழுதாகக் கேட்கவில்லை, சேர்க்கவில்லை, இடம் கொடுக்கவில்லை. எஜமான் கையில் ஒப்புக்கொடுத்தோம். வெளியே எங்கள் சபைப் பணியாளான கோயில்பிள்ளை அவளுக்கும் பிள்ளைக்கும் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிடக் கூட நடந்துபோனார் என்று பிறகு தெரிந்தது. கமிட்டியில் அவருக்கு ஓட்டு கிடையாது. அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் சபைக்கு வரவில்லை.

ஆகவே அடுத்த வாரம் படிப்பதற்கு, யோசுவா 20-ஐயும் 2 சாமுவேல் 3-ஐயும் சேர்த்து எடுங்கள், வரைபடம் ஒன்று கொண்டுபோங்கள். படித்து முடித்தபின், உங்கள் சபை வாசலில் இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு ஒருவர் வந்து நின்றால் கதவைத் திறப்பது யார், அவர் யாருக்குப் போன் பண்ணுவார், படுக்க எந்த அறை, சாவி யாரிடம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வந்தவரைச் சபையின் பெரிய மனிதர் யாராவது தேடி வந்தால் வாசலில் நின்று பேசப்போவது யார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விவாதம் தன்னால் தீரும், அல்லது வேறு விவாதம் தொடங்கும்.

எங்கள் சபையில் நாங்கள் செய்ய முடிந்தது ஒரு பலகை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்று பெரிய எழுத்தில் எழுதி, கேட் பக்கத்தில் வைத்தோம். அதை எங்கே வைப்பது என்பதற்கே கமிட்டியில் மூன்று மாதம் ஆனது. வாசலில் வைத்தால் சபைக்கு அசிங்கம் என்றார்கள் சிலர். கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இடம் கொடுத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், அதன்மேல் அசனப் பண்டிகை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 181-இல் கடைசி 1 மட்டும் வெளியே தெரிந்தது. பசை நன்றாகக் காய்ந்திருந்தது. கோயில்பிள்ளையிடம் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் வாங்கி, ஆராதனை மணி அடிப்பதற்குள் பாதிவரை சுரண்டினேன்.